எதிர்ப்பக்கம்

தங்கச்சிமடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
தடுப்பூசி அறைக்குப் பின்னால் என் மேசை.
ஜன்னலில் கறுப்புத் துணி அடித்திருக்கிறேன்.
கடல் வெளிச்சம் கொஞ்சம் கசிந்தாலும்
கேமரா கண்மணியை விட்டுவிட்டு
ஈரத்தின் பளபளப்பைப் பிடித்துக்கொள்ளும்.
தாடை வைக்கும் தாங்கியின் திருகு
உப்புக் காற்றில் மாதம் ஒருமுறை இறுகும்.
தேங்காயெண்ணெய் போடுவேன்.

சூசை மரியான் மூன்றாம் முறை வந்திருந்தார்.
விசைப்படகு டிரைவர். வயது அறுபத்திரண்டு.
மதுரையில் இடது கழுத்தைத் திறந்து
தமனியைச் சுரண்டி ஆறு வாரம்.
தையல் தடம்
அவசரத்தில் பொத்திய வலைபோல மேடாக.
உள்ளே என்ன இருந்ததாம் என்றேன்.
"படகு அடியில ஒட்டுமே கொட்டலசு,
அந்த மாதிரின்னாக."

திரை நடுவே ஒரு புள்ளி. அது அணையும்.
இடமோ வலமோ ஒரு வெளிச்சம் எரியும்.
அதைப் பார்க்கக் கூடாது.
நேர் எதிரே,
ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்க்க வேண்டும்.
அவ்வளவுதான் பரீட்சை. இருபத்துநான்கு தடவை.

வெளிச்சத்துக்கு ஓடுவது கண்ணின் பிறவிக் குணம்.
பிடரியைப் பற்றி நிறுத்துவது
நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ஒன்று.
அதற்கு ரத்தம் போய்ச் சேர வேண்டும்.

அறுவைக்கு முன்னால் பதினைந்து தப்பு.
முடிந்த வாரம் பதினாறு;
அன்று அவர் தாங்கியிலேயே தூங்கிப்போனார்.
இன்று ஏழு.
கண் கிளம்ப எடுத்த நேரமும் குறைந்திருக்கிறது,
இமைப்பதில் கால்வாசி.

ரத்தம் திரும்பியதாலா,
மூன்றாம் முறை உட்கார்ந்த பழக்கத்தாலா?
மதுரைக்கு நான் எண்ணை மட்டும் அனுப்புவேன்.
காரணம் அவர்கள் பாடு.

அவருக்கோ சிரிப்பு.
"ராத்திரி ரோந்துக் கப்பல் லைட்டு அடிச்சா
எதிர்ப்பக்கம் திருப்பி ஓடுறதுதான தொழிலே.
இதுக்குப் போயி மிசின் வச்சிப் பாக்குறீகளே."
பிறகு குரல் இறங்கி,
"போன வருசம் ஒரு நாள்
லைட்டைப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்.
பசங்க கத்துனானுக. கை அசையல."
அதை எந்தக் கட்டத்திலும் நான் எழுதவில்லை.
அதற்குக் கட்டம் இல்லை.

சுவரோரம் ஸ்டூலில் செபஸ்தியம்மாள்,
மடியில் மாத்திரைப் பை.
"வாடைங்குறாரு, கொண்டல்ங்குறாரு,
சோளகமும் வருது.
கச்சான் மட்டும் வாயில வரல.
மேல்காத்து, மேல்காத்துன்னு தடவுறாரு.
இந்த மிசின்ல அது தெரியுமா?"
தெரியாது என்றேன்.
"அப்ப என்னதான் தெரியும்?"

பதிலுக்கு எழுந்து நாற்காலியைக் காட்டினேன்.
மருந்துக்கடை மூட இன்னும் நேரம் இருந்தது.
சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.
தாங்கி அவருக்கு உயரம்;
திருகை இரண்டு சுற்று இறக்கினேன்.
சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை,
பேரம் பேசுகையில் கூறுக்கு எத்தனை மீன் என்று
தராசில்லாமல் சொல்கிற மூளை.

வெளிச்சம். பார்த்தார்.
எதிர்ப்பக்கம்மா, என்றேன். தலையை ஆட்டினார்.
வெளிச்சம். பார்த்தார்.
அடுத்தது. பார்த்தார்.
இடம், வலம், வலம், இடம்,
ஒவ்வொன்றுக்கும் கண் முந்திக்கொண்டு ஓடியது,
ஓடியபின் வெட்கப்பட்டுத் திரும்பியது.
இருபத்துநான்கில் இருபத்தொன்று.

"ஃபெயிலா?" என்றார் சூசை மரியான்,
சந்தோஷம் தாங்காமல்.

அவர் தாடையை எடுக்கவில்லை.
அணைந்த திரையைப் பார்த்தபடியே சொன்னார்:
"நாப்பது வருசமா
கரையில நின்னு ஒவ்வொரு லைட்டையும்
நம்ம போட்டான்னு பாத்த கண்ணும்மா.
பாக்காதங்குறே.
எப்படிப் பாக்காம இருக்குறதுன்னு
யாரு சொல்லிக் குடுத்தா எங்களுக்கு?"

கறுப்புத் துணியை அவிழ்த்தேன்.
வெளியே மேற்கிலிருந்து அடித்தது காற்று.
சூசை மரியான் வாயைத் திறந்து,
காத்திருந்தார்.
நாங்கள் இருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.