மாடி அறை

ஏற்காட்டில் துணி காய்வதில்லை.
காலையில் விரித்த பன்னிரண்டு போர்வையும்
மூடுபனியைக் குடித்துவிட்டு
போட்டதைவிடக் கனமாகத் தொங்குகின்றன.
மேனேஜர் மூன்றாவது தடவை எட்டிப் பார்க்கிறார்.
சனிக்கிழமை. லாட்ஜ் நிறைந்துவிட்டது.

அங்கே இப்படியில்லை.
மெஷின் நின்ற நாளில் கொடியில் போட்டால்
கடைசிச் சட்டைக்கு கிளிப் மாட்டுவதற்குள்
முதல் சட்டை அப்பளமாகியிருக்கும்.

குவைத்தில் ஹோட்டல் வேலை என்றுதான் சொன்னார்
செவ்வாய்ப்பேட்டை ஏஜெண்ட் மரியசூசை.
ஒன்றேகால் லட்சம்.
கமலவேணியின் கொடி போக மீதி வட்டிக்கு.
பதினொரு நாள் ஒரு குடோனில் கிடந்தோம்.
பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள்.
பிறகு ஒரு ராத்திரி பஸ், ஜன்னலெல்லாம் திரை.
விடிந்ததும் இராக் என்றான்
பக்கத்து சீட்டு தில்பகதூர், நேபாளக்காரன்,
தூங்கி எழுந்தவன்
ஸ்டேஷன் பெயரைப் படிக்கிற மாதிரி.

அவர்கள் சுட்டார்கள். நாங்கள் துவைத்தோம்.
ஷிப்டுக்கு நானூறு மூட்டை, மூட்டைக்கு ஒரு எண்.
ரத்தம் பச்சைத் தண்ணீரில்தான் போகும்;
வெந்நீர் பட்டால் நூலைப் பிடித்துக்கொள்ளும்.
இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
பதினாலு நாள் யாரும் வாங்க வராத மூட்டையை
தனி ரேக்கில் வைக்க வேண்டும்.
ஏன் என்று கேட்கக் கூடாது.
ரேக் நிறைந்த வாரங்களில்
சமையல்காரர்கள் முட்டையைக் குறைத்துப் போட்டார்கள்.

ஏதோ பெரிய ஆயுதம் இருக்கிறதென்றுதான் வந்தார்களாம்.
நாடு முழுக்கக் கிளறியும் கிடைக்கவில்லையாம்.
மூன்று வருஷம்
அவர்கள் பாக்கெட் ஒவ்வொன்றிலும் கைவிட்டவன் நான்.
சூயிங்கம், மணல், பேனா மூடி,
கசங்கிய நோட்டு, பல்வலி மாத்திரை.
எனக்கும் கிடைக்கவில்லை.

தில்பகதூர் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது
மோர்ட்டார் விழுந்தது.
தட்டைக் கீழே வைக்கவில்லை என்றார்கள்.
செத்த அமெரிக்கர் நாலாயிரத்துச் சொச்சம்;
பேர் பேராக எண்ணியிருக்கிறார்கள்.
அந்தச் சொச்சத்தில் அவன் இல்லை.
வாசலில் குப்பை அள்ளிய ஹாத்திமும் இல்லை.
அவன் ஊர்க்காரர்களை எண்ண
யார் உட்கார்ந்தார்கள் என்றும் தெரியாது.

அந்தச் சம்பளத்தில்தான் கருப்பூரில் வீடு.
இரண்டு அறை, போர், மோட்டார்.
மேக்னசைட் தூசி படிந்து
வருஷம் பூராவும் வெள்ளையடித்த மாதிரி நிற்கிறது.
அந்தப் போர் சரியா தப்பா என்று
டிவியில் நாலு பேர் கத்தும்போது
நான் எழுந்து மோட்டார் போடப் போய்விடுகிறேன்.
தொட்டி ரொம்பி வழிந்தாலும் உடனே வருவதில்லை.

ஒரு சாவி கிடைத்தது ஒருநாள்.
2217ஆம் மூட்டை, பேண்ட், இடது பாக்கெட்.
பித்தளை, சொந்த வீட்டுச் சாவிக்குரிய தேய்மானம்.
தலையில் ஒட்டிய பிளாஸ்திரியில் அரபி எழுத்து.
ஹாத்திமிடம் காட்டினேன்.
வெயிலுக்குக் கண்ணை இடுக்கிப் படித்தான்:
மாடி அறை.
யார் வீட்டு மாடி என்றேன்.
மாடி இருந்தால்தானே, என்றான்.
குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

நாலு நாள் கழித்து அவன் வரவில்லை.
2217ம் வரவில்லை.
பதினாலாம் நாள் மூட்டையை ரேக்கில் வைத்தேன்.
சாவியை வைக்கவில்லை.
திருட்டுத்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே லினன் அறைச் சாவிப் பலகையில்
கடைசி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
புதிதாகச் சேர்ந்த நாகலூர்ப் பையன்
ஒவ்வொரு கதவாக நுழைத்துப் பார்த்துவிட்டு வந்து
எந்த ரூம்ணா இது என்றான்.
மாடி, என்றேன்.
ஓட்டுக்கூரையை நிமிர்ந்து பார்த்தான்.
நம்ம லாட்ஜுக்கு மாடியே இல்லையே.

போர்வைகளைத் திருப்பிப் போட வேண்டும்.
எட்டாம் நம்பர்க்காரர்கள் வந்து நிற்கிறார்கள்,
குழந்தைக்குக் குளிர்கிறதாம்.