விற்பனைக்கு: சூரிச், சிறு கீறல்

கொக்குவில் ஸ்ரேசன் ஒழுங்கைக்குள்ள
என்ர அலுமாரி.
ஐம்பத்திரண்டு நகரங்கள்
கைபிடியோட.

லீவில வாறவையின்ர சூட்கேசில
காலுறை சுத்தி வந்ததுகள்.
அடியில விலைச்சீட்டுக் கிழியாட்டில்
ஆயிரம் ரூபா கூட,
பெட்டி இருந்தால் இன்னும் ஐந்நூறு.
வாங்க முதல் மணந்து பாப்பன்:
கோப்பி குடிச்ச கோப்பைக்கு
மதிப்பில்லை.

சுகிர்தன் வருவார்
ஹெல்மெற் கழட்டாமல்.
லண்டனைக் காட்டினால் தலையாட்டுவார்,
வேண்டாமெண்டு.
போன மாசம் மிலான்.
அதுக்கு முதல் வார்சோ.
இண்டைக்கு, “சூரிச் இருக்கோ?”

“நிண்ட ஊரோ அண்ணை?”
“பதினொரு மாசம்.
யன்னலுக்கால ஒரு சுவர் தெரியும்.
பிறகு பிளேனில ஏத்தி விட்டிட்டாங்கள்.”

கோப்பையில ஏரி,
ரெண்டு கோபுரம், ஒரு அன்னம்.
சுத்திச் சுத்திப் பாத்தார்,
ஆரோ சொல்லிக் கேட்ட ஊர் மாதிரி.

விளிம்புக் கீறலைக் காட்டி
எழுநூறு குறைச்சன்.
முழுக்காசையும் வைச்சார்.
“இறுக்கிச் சுத்தும் தம்பி,
கோண்டாவில் றோட்டு
கிண்டிக் கிடக்கு.”

போனாப் பிறகு
கொப்பியில சூரிச்சை வெட்டினன்.
அதுக்குக் கீழ
அவரே எழுதிவைச்சிருக்கிறார்:
கீவ்.
பெட்டி தேவையில்லை.