முழங்கையிலிருந்து

மூன்றாவது இழுப்பறை மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும்.
முழங்காலால் ஒரு இடி கொடுத்தால்தான் திறக்கும்.
உள்ளே பஞ்சடைத்த பதினோரு உடல்கள்
என் நடுவிரல் நீளம்.
காலில் நூல், நூலில் சீட்டு,
சீட்டில் மூன்று கையெழுத்து.

முதல் ஆள் அணில் என்று எழுதிவிட்டுக் கப்பலேறினார்.
இரண்டாம் ஆள் அதை அடித்துவிட்டு
ஒரு கேள்விக்குறி போட்டார். பெரிய மனம்.
மூன்றாவது என்னுடையது:
அணில் அல்ல.

அணிலென்றால் தோலை விரிக்கும் குருத்தெலும்பு
மணிக்கட்டில் முளைக்கும்.
இதற்கு முழங்கையில்.
அரை விரற்கடை தூரம்,
இடையில் எத்தனை கோடி வருடமோ.

சொந்தம் தேடிப் போனால்
மரமே ஏறாத ஒன்று வந்து நிற்கிறது,
தெற்கே வறண்ட புல்வெளியில்
வளை தோண்டிக் குதித்துத் திரிவது.
இருக்கட்டும்.
என் அண்ணன் துவாலா விமான நிலையத்தில்
பெட்டி தூக்குகிறான், இதுவரை ஏறியதில்லை.

வாலில் செதிலுண்டு, விரிக்கத் தோலில்லை
என்று இன்னொன்று இருக்கிறது.
அதற்குத் தனி இழுப்பறை ஒதுக்கியிருக்கிறேன்.
நாப்தலின் வாசனை மட்டும் குடியிருக்கிறது.

வியாழக்கிழமை ஜூமிலிருந்து எஸ்ஸிமி வந்தான்,
மரக் கம்பெனியில் எண் அடிக்கிறவன்.
கையில் பால்பவுடர் டப்பா.
பொந்து மரம் விழுந்ததும்
வௌவாலும் இதுவும் ஒரே மூச்சாய்
நடுப்பகலில் கொட்டினவாம்.
கண் கூசிப்போய் எங்கெங்கோ.
இது மட்டும் விரியவில்லை.

"பெர்த்தீல் அம்மா, படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கு.
எலியா, வௌவாலா?"

வாலைத் திருப்பினேன்.
அடிப்புறம், வேர்ப்பக்கம், செதில்கள்
துருவலின் பல்லைப் போல.
முழங்கையை இழுத்தேன்
குடை மாதிரி திறந்தது,
மூடவும் மூடியது.

"இந்தச் சொரசொரப்பு எதுக்கு?"
"மரத்தில் வந்து ஒட்டினதும்
வழுக்காமல் நிற்க."
அவன் பெயின்ட் ஒட்டிய விரலைப்
பார்த்துக்கொண்டிருந்தான்.
டப்பாவைத் திரும்பக் கேட்கவில்லை.

பேரினம் எழுதியாயிற்று, கை நடுங்காமல்.
சிற்றினம் இரண்டிலொன்று,
காதின் நீளம்தான் சொல்லும்.
காதை எறும்பு தின்றிருந்தது.
ஆக, எனக்கும் ஒரு கேள்விக்குறி.

கிடைத்த இடம் என்ற வரியில்
மரம் 417 என்று எழுதினேன்.
அது அதற்குள்
கிரிபித் துறைமுகத்தில் படுத்திருக்கும்,
நெற்றியில் எஸ்ஸிமியின் சிவப்பு எண்ணோடு,
எந்த நாட்டுக் கதவாக என்று
வகைப்படுத்தி முடித்து.