காரணம்: இல்லை

எனக்கு நாற்பது விழுக்காடு வேலை.
மீதி அறுபதை வேறு மூன்று சபைகள் பங்கிட்டுக்கொள்கின்றன.
ஆகவே யார் இறந்தாலும்
நான் இன்னோர் ஊரில் இருக்கிறேன்.

ஃபிரீஸ்லாந்தின் வடகோடி.
கடலுக்கு அஞ்சி, களிமண்ணும் சாணமும் கொட்டி
ஆயிரம் ஆண்டுக்கு முன்னே உயர்த்திய மேடு.
மேட்டின் தலையில் ஆலயம்.
வெள்ளம் வந்தால் மாடும் மனிதரும் ஏறி நின்ற இடம்.
இப்போது அணைக்கரை இருக்கிறது.
யாரும் ஏற வேண்டியதில்லை.

வியாழன் இரவு, பதினோரு பேர்.
ஸ்வொல்லேயிலிருந்து வந்த ஆலோசகர்
திருவிருந்து மேசைமேல் ப்ரொஜெக்டரை வைத்தார்,
கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.
சுவரில் ஒரு சிவப்புக் கோடு
பிரசங்க பீடம்வரை சரிந்து இறங்கியது.
டிரம்ஸ் வாங்கலாம் என்றார். பெயரை மாற்றலாம்.
இல்லையேல் விற்றுவிடலாம்:
பாறையேற்றப் பயிற்சிக்கு
உயரமான சுவர் தேடுகிறது ஒரு நிறுவனம்.

"அப்போதாவது மறுபடி ஏறுவார்கள்" என்றார் வீப்க்யே.
யாரும் சிரிக்கவில்லை.
நான் மட்டும், கொஞ்சம்.

கூரைக்கு எண்பத்தாறாயிரம் யூரோ.
தலைக்கு எவ்வளவு என்று பார்க்கப்
பொருளாளர் ஹெர்லொஃப் பதிவேட்டைத் திறந்தார்.
பெயர். பிறப்பு. நீங்கிய நாள். காரணம்.
காரணத்தின் கீழ் அழகழகான கையெழுத்துகள்:
மரணம். மரணம். லேவார்டனில் குடியேற்றம்.
மரணம். கனடா.
பிறகு எழுபதுகள் தொடங்கியதும்
இல்லை.
மேற்படி. மேற்படி. மேற்படி.
பக்கம் பக்கமாய் மேற்படி.

தலைமுறைப் போக்கு என்றார் ஆலோசகர்.

ஹெர்லொஃப் நிறுத்தாமல் வாசித்தார்.
"ஔக்யே ஸைல்ஸ்த்ரா. எண்பத்தேழு. காரணம், இல்லை."

"இருக்கிறது."
பெப்பர்மின்ட்டைக் கன்னத்துக்கு ஒதுக்கினார் வீப்க்யே.
"ஒரு நாள் மட்டும் இருந்த குழந்தை.
மணி அடிக்க முடியுமா என்று கேட்டாள்.
பதிவேட்டில் உள்ளவர்க்குத்தான் மணி என்றோம்.
என்றோம் இல்லை.
என் கணவர் சொன்னார்.
நான் பக்கத்தில் நின்றேன்."

ப்ரொஜெக்டரின் விசிறி மட்டும் ஓடியது.
வழக்கமாய் இந்த இடத்தில் நான் ஜெபிப்பேன்.

சனிக்கிழமை மூன்று சைக்கிள்கள், எதிர்க்காற்றில்.
வழியிலேயே பேசி வைத்தோம்:
அழைக்கக் கூடாது.
ஆராதனை நேரத்தை வாய் தவறியும் சொல்லக் கூடாது.

ஔக்யே காப்பி தந்தார்.
டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு பிஸ்கட் நீட்டி
டப்பாவை மூடினார்.
எங்கள் ஊர் உபசாரம் அப்படித்தான்,
அதில் கோபமும் தெரியாது, மன்னிப்பும் தெரியாது.
வீப்க்யே சொல்ல வந்ததில் பாதி
தொண்டையிலேயே தங்கிவிட்டது.
ஔக்யே ஜன்னல் பக்கம் திரும்பி
"ஹிஸ்கே" என்றார்.
"பெயர் வைத்திருந்தோம்.
நீங்கள் கேட்கவில்லை."

ஞாயிறு காலை மணி அடித்தோம்.
கயிறு விறைத்துப்போயிருந்தது.
அணைக்கரையில் மேய்ந்த ஆடுகள்
தலை தூக்கவில்லை.
ஔக்யே வரவில்லை.
வருவார் என்று நாங்கள் கதவைப் பார்த்ததையும்
சொல்லிவிடுகிறேன்.
எண்ணினேன், பழக்கதோஷம்.
பதினொன்று.

ஆராதனை முடிந்து, கோப்பைகள் கழுவும் நேரம்
ஹெர்லொஃப் கணக்குப் போட்டுக் கொண்டுவந்தார்:
இன்னும் இருநூற்றாறு "இல்லை".
வாரத்துக்கு ஒரு வீடு என்றால்
நான்கு வருடம்.
கூரை அதுவரை தாங்காது என்றார்.

வாளி வாங்கலாம் என்றார் வீப்க்யே.