நூற்றுப் பதினான்கு

வியாழக்கிழமை பசார் மாலாமில்
அப்பம் பாலேக் வண்டிக்கும் கைப்பேசி உறைக்கடைக்கும் நடுவே
பதினைந்து வெள்ளிக்கு வாங்கினேன்.
எல்லா டிவிக்கும் ஆகுமா தம்பி?
"போலே, காக்" என்றான்,
தலை நிமிராமல், சில்லறை எண்ணிக்கொண்டே.

வீட்டில் ஏற்கெனவே மூன்று ரிமோட் கிடக்கின்றன.
டிவிக்கு ஒன்று, டிகோடருக்கு ஒன்று,
முதுகுமூடி தொலைந்து ரப்பர் பேண்ட் போட்டது
ஸ்பீக்கருக்கு.
எது எதை எழுப்பும், எந்த வரிசையில் என்பதெல்லாம்
சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் இருக்கிற
கதிர்வேலுவின் தலைக்குள்.
அந்தத் தலை பகாவுக்கு
இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வரும்.
நடுவில் படம் போய் நீலத்திரை வந்தால்
கைப்பேசியில் டிவியைக் காட்டுவேன்.
"அது இல்ல, அதுக்குப் பக்கத்துல. சொன்னேன்ல?"

அந்தச் 'சொன்னேன்ல'வுக்குத்தான் பதினைந்து வெள்ளி.

மடித்த தாளில் எறும்பு எழுத்தில் கம்பெனிப் பெயர்கள்.
எங்கள் டிவி அதில் இல்லை.
கோலாப் பிலாவில் ஒரு கடை மூடும்போது வாங்கியது;
அந்தப் பெயரை அப்புறம் நானும் எங்கும் பார்க்கவில்லை.
பெயர் இல்லாததற்குக் கடைசி மூலையில் ஒரு வழி இருந்தது:
சிவப்பு விளக்கு நிலைக்கும்வரை செட்டை அழுத்திப் பிடி.
பிறகு பவரை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வா.
டிவி அணைந்ததும் நிறுத்து.

அணைந்தால் ஆமாம் என்று அர்த்தம்.
இது கொஞ்சம் பிடித்திருந்தது.

செம்பனை ஆலையில் எடைமேடை கிளார்க் நான்.
குலை ஏற்றி வரும் லோரிகளை
நாலு கோடு, குறுக்கே ஒன்று என்று
பதினோரு வருஷமாக எண்ணுகிற கை.
கரண்ட் பில் உறையின் பின்பக்கம்
அதுவாகவே கோடு போட ஆரம்பித்தது.
இருபது. நாற்பது.
திரையில் ஒருத்தி அழுதுகொண்டே இருந்தாள்,
கொஞ்சமும் அசைந்து கொடுக்காமல்.

எண்பத்து மூன்றில் அணைந்தது
எதிர்வீட்டு டிவி.
புழுக்கத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தேன்,
அவர்களும்தான்; நடுவில் ஒரு கார் அகலச் சந்து.
"கரண்ட் போச்சா?" என்று நாகரத்தினத்தின் குரல்.
"மின்விசிறி சுத்துதே!" என்று அவர் மனைவி.
நான் சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன்,
விரல் மட்டும் வேலையை விடவில்லை,
கோடும் விழுந்துகொண்டே இருந்தது.

அப்படித்தான் நூற்றுப் பதினான்கில்
எங்கள் திரை இருண்டதைப் பார்த்தும்
பழக்கத்தில் இன்னொன்று அழுத்திவிட்டேன்.
போயிற்று.
தாண்டிப் போன எண்ணுக்குத் திரும்ப
அந்தத் தாளில் வழி எதுவும் போடவில்லை.

கோப்பி கலக்கிக் குடித்தேன்.
கதவைச் சாத்தினேன்.
மறுபடி ஒன்றிலிருந்து.
நூற்றுப் பதின்மூன்றில் நிறுத்தி
கையைக் கைலியில் துடைத்துவிட்டு
எடைமுள் நிற்பதற்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்து
ஒன்றே ஒன்று.

இருட்டு.
செட்.
விளக்கு இரண்டு தடவை சிமிட்டி அடங்கியது.

டிகோடர் ஒன்பதாவதிலேயே பணிந்தது.
ஸ்பீக்கர் வரவில்லை; அதற்கு இன்னும் ரப்பர் பேண்ட்தான்.

ஞாயிற்றுக்கிழமை கதிர்வேலு சோபாவில் சாய்ந்து
புதியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
சத்தம் கூட்டினார், கூடவில்லை.
சானல் மாற்றினார், மாறவில்லை.
"பழுதா வாங்கிட்டு வந்திருக்க."
மேலே டிவி என்று இருக்கே, அதை முதலில் அழுத்துங்க என்றேன்,
யாரிடம் பேசுறீங்கன்னு
முதல்ல சொல்லணும் அதுக்கு.
அழுத்தினார். கூடியது.
அடுக்களைப் பக்கம் திரும்பி
"இதை யார் செட் பண்ணிக் கொடுத்தா?" என்றார்.
மீன் பொரிகிற சத்தத்தில் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

நூற்றுப் பதினான்கையும் ஒன்பதையும்
பேட்டரி மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
எண்பத்து மூன்றை எங்கும் எழுதவில்லை.
இரவு பன்னிரண்டுக்கும் நாகரத்தினம் வீட்டில்
யாரையாவது யாராவது அடித்துக்கொண்டிருக்கிறார்கள்,
சந்து முழுக்கக் கேட்கும்படி.

எழுதத் தேவையில்லை.
ஞாபகம் இருக்கிறது.