கொம்பு

மாவட்ட மீனவர் கூட்டுறவு இணையம்.
பெயரில் மட்டும்தான் இணையம்;
குறும்பனைக் கிளையில் மழை தூறினால் லைன் போய்விடும்.
அறுநூற்றுப் பதினாலு கணினி,
நாற்பத்தொரு கிளை,
மாற்றித்தர நானும் ஒரு பென்டிரைவும்.

லைசென்ஸ் கட்டச் சொல்லி வந்த நோட்டீஸில்
தொகையைப் பார்த்த அதே வாரம்
நாகர்கோவிலில் இயக்குநர் குழு கூடியது.
கட்டற்ற மென்பொருள் என்று எழுந்து விளக்கினேன்.
பின்வரிசையில் சிலுவைஅடிமை கேட்டார்:
"கட்டுமரத்துக்குக் கட்டுதான் உயிரு.
கட்டில்லாதது மிதக்குமா, மக்களே?"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
தீர்மானம் நிறைவேறியது.
அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

முதல் வாரம் பிரிண்டர்.
குளச்சலில் பாஸ்புக் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ்
வரியில் நிற்காமல்
நண்டுபோலக் குறுக்கே ஓடியது.
அடுத்தது வட்டி.
வட்டிக் கணக்கு ஒரு பழைய மேக்ரோவுக்குள் இருந்தது,
மேக்ரோவை எழுதிய பீர்முகமது மஸ்கட்டில் இருந்தார்.
போனில் சொன்னார்: "அதைத் தொட்டுறாதீங்க,
எப்படி ஓடுதுன்னு எனக்கே தெரியாது."

தூத்தூரில் புஷ்பலீலா
புதுத் திரையைப் பார்த்து
"எனக்க ஸ்டார்ட் எங்க?" என்றார்.
பதினெட்டு வருஷம் கீழே இடது மூலையில் இருந்தது,
அவர் கைக்குத் தெரியும் அந்த மூலை.
மேலே ஏறிப்போன ஒரு பட்டனுக்காக
அவர் கண் கலங்கியது
எனக்கு எரிச்சலாக இருந்தது, அன்று.

பிறகு அந்தப் பட்டியல் வந்தது.
புயலில் திரும்பாதவர்களின் நிவாரணப் பட்டியல்,
பழைய எழுத்துருவில் தட்டியது.
புதியதில் திறந்தால்
அரைப்புள்ளி, அடைப்புக்குறி, காற்புள்ளி.
ஒரு மனிதர் இல்லை.
ராத்திரி உட்கார்ந்து மாற்றி ஒன்று எழுதினேன்.
பெயர்கள் வந்தன,
கொம்புதான் ஒட்டவில்லை.

பழையதில் கொம்பை முதலில் தட்ட வேண்டும்,
கண் பார்க்கும் வரிசை.
புதியதில் எழுத்து முதலில், கொம்பு அதன் பின்னால்,
வாய் சொல்லும் வரிசை.
குமாருக்கும் ராஜனுக்கும் பாதகமில்லை.
ஆனால் கடற்கரையில் எந்தப் பெயரைத் தொட்டாலும் கொம்பு:
ஜெறோம், செபஸ்தி, தேவதாசன், பெர்க்மான்ஸ்.
ஒவ்வொரு பெயரின் முன்னாலும்
உதிர்ந்த கொம்பைத் தாங்கிக்கொண்டு
ஒரு புள்ளிவட்டம்,
ஆளில்லாமல் மிதக்கும் ரப்பர் வளையம் மாதிரி.

புஷ்பலீலா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.
மேசைக்கு அடியில் துண்டைத் தூக்கினார்.
பழைய கணினி, ஒப்படைத்ததாகக் கையெழுத்துப் போட்டது,
சூடாக ஓடிக்கொண்டிருந்தது.
அவர் வாசித்தார், நான் திருத்தினேன்,
நூற்று முப்பத்தேழு பேர்.
"லேயோன் ரெண்டு பேரு.
ஒருத்தனுக்கு நெடில், மத்தவனுக்குக் குறில்.
தப்புன்னு திருத்திராதே.
அவனுக்க கெட்டியவ பாஸ்புக்கில அப்படித்தான் கெடக்கு."

விடிவதற்குள் ஒரு தடவை
கரண்ட் போய் வந்தது. சேமித்திருந்தேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
மாற்றியது அறுநூற்றுப் பதிமூன்று.
பழுது, ஒன்று.

அடுத்த கூட்டத்தில் சிலுவைஅடிமை
விடவில்லை.
"என்னவாக்கும், மிதக்குதா?"
"தண்ணி கோரிக்கிட்டு இருக்கோம்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. தலையாட்டினார்,
அது அவருக்குப் புரிகிற பதில்.