சுவீப்

தபிவா சொன்ன முதல் சொல்லுக்கே
வகுப்புச் சிரித்தது.
அம்பகாமக் காட்டு விளிம்பு, தறப்பாள் கொட்டில்,
பிளாஸ்டிக் கதிரைகள் பத்தொன்பது.
சிம்பாப்வேயிலிருந்து வந்த மனிதன்
கண்ணிவெடி தேடும் கருவியை
இடமிருந்து வலம், வலமிருந்து இடம் அசைத்து
“சுவீப்” என்றான்.
அவன் சொல்வதைத் தமிழில் சொல்வது என் சம்பளம்.

மாங்குளம் சந்தியில் சுவீப் என்றால் லொத்தர்.
ஒரு குடை, ஒரு மேசை,
தொண்டை கட்டிய ஒலிபெருக்கி,
நாளைக்கே சீட்டிழுப்பு.
“முதல் பரிசு எவ்வளவு மிஸ்?”
பின்வரிசையிலிருந்து சத்தியரூபன்.
“ரெண்டு காலும்” என்றேன்.
சிரிப்பு நின்றது.
தபிவாவுக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கூட்டுவது என்று சொல்லியிருக்கலாம்.
கூட்டினால் சேரும்.
இங்கே எதையும் எதனோடும் சேர்க்கக் கூடாது.
பெருக்குவது, அது புத்தகத் தமிழ்.
பெருக்கினால் பெருகும்.
தூசி தள்ள எடுத்த வினையெல்லாம்
எங்களுக்குக் கணக்குப் பாடமாய் இருக்கிறது.
கழித்தலை மட்டும் யாரோ
நிலத்துக்குள் தாட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

கடைசியில்
“சுவீப் பண்ணுறது” என்றே சொன்னேன்.
எல்லாரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

இரவு கைபேசியில் அகராதி.
மிகப் பழைய சொல்லாம்.
தரையில் விளக்குமாறு போவதும் அதுதான்,
நீளப் பாவாடை மண்ணில் இழுபடுவதும்,
புகைபோக்கிக்குள் கரி தட்ட ஏறுகிறவனின் தொழிலும்,
பந்தயக் காசு முழுவதையும்
ஒருவனே மேசையிலிருந்து வழித்தெடுப்பதும்
(அந்த வழியால்தான் மாங்குளத்துக்கு லொத்தர் வந்திருக்கிறது).
இன்னும் கீழே இறக்கினேன்.
ஒரே வயிற்றில் பிறந்த இன்னொரு சொல் கிடந்தது:
ஸ்வூப்.
மேலிருந்து பாய்ந்து இறங்குதல்.
உதாரணம், பருந்து.

எனக்கு உதாரணம் தேவைப்படவில்லை.
கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
தகரத்தில் விளாங்காய் விழுந்ததற்கு
எழும்பி இருந்தேன், விடியுமட்டும்.

மூன்றாம் கிழமை
மதிவதனாவின் கருவி கத்தியது.
ஒரு மீற்றர் அகலப் பாதை, இரண்டு பக்கமும் கயிறு,
அவள் குப்புறப் படுத்து
முப்பது பாகைச் சரிவில் ஊசியை இறக்கி
மண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
நாற்பது நிமிடம்.
முகக்கவசத்துக்குள் அவள் மூச்சே புகாராய் ஏறியது.
நான் சிவப்பு முனைக் கட்டைகளுக்கு வெளியே,
கையில் தண்ணீர்ப் போத்தல்,
தபிவா சொல்லப்போகும் எதற்கும் தயாராக.

வந்தது ஒரு கம்பி வளையம்.
கறள் பிடித்த கட்டுக்கம்பி, மூன்று சுற்று,
உள்ளே ஈர்க்கு உக்கிப்போய் வெறும் கறுப்பு மண்.
“விளக்குமாத்துக் கட்டு” என்றாள்.
பிறகு, நாயுண்ணிப் பற்றையைச் சுற்றிப் பார்த்து,
“அப்ப இது ஆரோட முத்தம்?”

தபிவா என்னவென்று கேட்டான், சொன்னேன்.
தன் ஊர்ப் பேச்சில் கூட்டுவதற்கு
ட்ஸ்வைரா என்பார்களாம்.
சொல்லிப் பார்த்தோம். வாய் வழுக்கியது.
சத்தியரூபன் மூன்றாம் தரம் சரியாய்ச் சொன்னான்,
அவனுக்கு மட்டும் ஒரு கைதட்டல்.
படிவத்தில் எழுதியது:
உலோகக் கழிவு, ஒன்று.

சனிக்கிழமை மாங்குளத்தில்
பஸ் பிந்தியது.
சுரண்டுகிற சீட்டு ஒன்று வாங்கினேன், பழக்கமில்லை.
நகத்தைச் சரித்து, ஓரத்திலிருந்து,
மெல்ல மெல்ல.
கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.
“உப்பிடிச் சுரண்டினா விடிஞ்சிடும், பிள்ளை.
விழுந்ததோ?”

“ஒண்டும் விழேல்லை” என்றேன்.
பஸ்ஸுக்குள் ஏறி இருந்து
அந்த வசனத்தை
இன்னொருக்கால் சொல்லிப் பார்த்தேன்.